குமரி மாவட்ட மழைக்காலத்தில் தங்கும் வெளிநாட்டினர்: அறிகுறியைப் பார்த்துச் சிக்கலைத் தீர்க்கும் வழி

தக்கலைக்கு மேற்கே, ரப்பர் மரங்களும் வாழைகளும் நெருங்கி நிற்கும் ஒரு சிற்றூரில் இருக்கிறது எங்கள் வீடு. அதன் மாடியைப் பல ஆண்டுகளாக வெளிநாட்டினருக்கே வாடகைக்கு விட்டுவருகிறோம். வர்மமும் அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் கற்க வருபவர்கள், தமிழ் பேசிப் பழக வருபவர்கள், கனடாவிலோ மலேசியாவிலோ பிறந்து தாத்தா வாழ்ந்த ஊரில் ஓராண்டு இருந்து பார்க்க விரும்புபவர்கள் எனப் பலர் தங்கிச் சென்றிருக்கிறார்கள். நாடு எதுவாக இருந்தாலும் மழைக்காலத்தில் மாடிப்படி இறங்கி வந்து அவர்கள் சொல்லும் குறைகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வாய்வழியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு இங்கே தங்குகிற தமிழர்களுக்கும், வெளிநாட்டினருக்கு வீடு கொடுத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

எந்தக் குறையைத் தீர்க்க முனைந்தாலும், அது எந்த மழையால் வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பயண வழிகாட்டிகளும் அப்படியே சொல்வதால், ஜூன் மாதத்தில் வெயிலை எதிர்பார்த்து இறங்குபவர் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்கிறார். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைகள் உண்டு. மலையாள இடவ மாதத்தின் பாதியில், அதாவது ஜூன் தொடக்கத்தில், பிடிக்கும் இடவப்பாதி மழை தென்மேற்குப் பருவத்தைச் சேர்ந்தது. ஐப்பசியில் தொடங்கும் துலா மழை வடகிழக்குப் பருவத்தைச் சேர்ந்தது. இடவப்பாதி நாள்கணக்கில் நின்று பெய்வதால், அதன் கேடுகள் ஈரமாக, பூஞ்சணமாக, சேற்றுப்புண்ணாக மெதுவாக வரும். துலா மழையோ மத்தியானத்துக்கு மேல் இடியோடு வந்து கொட்டிவிட்டுப் போகும். புயலும் வெள்ளமும் தண்டவாளத்தில் மண் சரிவதும் அந்தப் பருவத்துக்கு உரியவை. முதல் மழைக்குப் பொறுமையும் இரண்டாம் மழைக்கு முன்னேற்பாடும் வேண்டும். இதை மாற்றிப் பிடித்தவர்கள்தான் அதிகம் அல்லற்படுகிறார்கள்.

அறிகுறி: கைபேசி மழை என்கிறது, வெளியே வெயில் அடிக்கிறது, அல்லது நேர்மாறாக இருக்கிறது

கைபேசியைக் குறை சொல்வதில் பயனில்லை. வானிலை ஆய்வு மையம் மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறத்தில்தான் எச்சரிக்கை தருகிறது. இந்தச் சிறிய மாவட்டத்திலோ கோதையாறு மலையில் கொட்டுகிற அதே நேரத்தில் கன்னியாகுமரியில் குடை தேவைப்படாமல் இருக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் மழைக்குப் பதிலாகக் காற்று மட்டும் வீசும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அந்தக் காற்றுதான். தக்கலைக்கு மேற்கே தங்குபவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு வரும் எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சென்னைத் தொலைக்காட்சிகள் அந்த மாதங்களில் நம் ஊர் மழையைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

அளவிலும் ஒரு குழப்பம் நேர்கிறது. நம் செய்திகள் மழையைச் சென்டிமீட்டரில் சொல்கின்றன. வெளிநாட்டினர் மில்லிமீட்டருக்குப் பழகியவர்கள். “ஏழு தானே பெய்தது” என்று ஆற்றங்கரைக்குப் புறப்பட்ட ஒருவரை நான் படியில் நிறுத்தியிருக்கிறேன். ஏழு சென்டிமீட்டர் என்றால் எழுபது மில்லிமீட்டர். ஒரு நாளில் 6.45 சென்டிமீட்டரைத் தொட்டாலே அது கனமழை, 11.56 முதல் மிகக் கனமழை, 20.44-ஐத் தாண்டினால் அதிகனமழை.

ஆற்றுப் பக்கம் போக வேண்டியவர்கள் வானத்தைப் பார்ப்பதைக் காட்டிலும் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணையின் முழு நீர்மட்டம் 77 அடி. நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அன்றாடம் நீர்மட்டம் வரும். மட்டம் உயர்ந்து உபரி நீர் திறக்கப்பட்டால், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விதிப்பார்கள். குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் கழிமுகம் வரை ஆறு கரையை ஒட்டி ஓடும். அந்நேரம் ஊரில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் வருவது மலையிலிருந்து.

அறிகுறி: பாஸ்போர்ட்டிலும் துணியிலும் தோல் பொருள்களிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

ஓர் ஆடி மாதக் காலையில் மாடியில் தங்கியிருந்த ஜப்பானிய மாணவி கவலையோடு இறங்கி வந்து, “அக்கா, பாஸ்போர்ட்டில் பூ வந்திருக்கிறது” என்றாள். பூஞ்சணம் “பூத்திருக்கிறது” என்று நான் சொல்லக் கேட்டு, அவளாகவே கட்டிக்கொண்ட வாக்கியம் அது. வாங்கிப் பார்த்தேன். சிவப்பு அட்டையின் தங்க எழுத்துகளுக்கு மேல் மாவு தூவியது போலச் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது; உள்ளே விசா ஒட்டிய தாள் மெல்ல நெளிந்து, அடுத்த தாளோடு ஓரத்தில் ஒட்டத் தொடங்கியிருந்தது. மூன்று வாரமாகத் திறக்காத இரும்பு அலமாரியில், வெளிச்சுவரை ஒட்டிய தட்டில், நெகிழிப் பைக்குள் வைத்து இறுக முடிந்துவைத்திருக்கிறாள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததுதான் வினையாயிற்று. பை மூடப்பட்டபோது உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் தாளிலேயே இறங்கிவிட்டது.

“அயர்ன் பண்ணலாமா, அக்கா?”

“வேண்டாம் மக்களே, இஸ்திரியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். அதை ஃபேனுக்கு அடியில் வை.”

சூடு பட்டால் படம் உள்ள பக்கத்தின் மேற்பூச்சு சுருளும். இப்போதைய கடவுச்சீட்டுகளில் மின்சில்லும் இருப்பதால் கூடுதல் கவனம் வேண்டும். உலர்ந்த பருத்தித் துணியால் அட்டையைத் துடைத்து, பக்கங்களுக்கு இடையே மையொற்றுத் தாளையோ அச்சில்லாத மெல்லிய தாளையோ செருகி, மேலே இரண்டு கனமான புத்தகங்களை ஏற்றி, மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் வைக்க வேண்டும். செருகிய தாளை ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒட்டிய பக்கங்களைப் பிய்க்கக் கூடாது. உலர்ந்தால் தாமாகவே விடும். அதன் பிறகு படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துகளைப் பாருங்கள். விமான நிலையத்தில் இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். அவை தெளிவாக இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. மங்கியிருந்தாலோ மேற்பூச்சு உரிந்திருந்தாலோ, பயண நாள் வரும்வரை காத்திராமல் அந்தந்த நாட்டுத் தூதரகத்துக்கு அப்போதே எழுதிக் கேட்க வேண்டும். அந்த மாணவியின் கடவுச்சீட்டு தப்பித்தது. அட்டையில் மட்டும் ஒரு வெளிறிய தடம் நின்றுவிட்டது.

இனி நேராமலிருக்க, காற்றுப்புகாத டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அதில் வைப்பது போதும். பொட்டலம் ஈரத்தை உறிஞ்சி நிறைந்த பின் சும்மா கிடக்கும் என்பதால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கேமரா லென்சுக்கும் இதுவே வழி. லென்சின் உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை நூல் ஓடியிருந்தால் அது பூஞ்சணம், துடைத்துப் போகாது, பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். துணி விஷயத்தில் வெளிநாட்டினர் பலர் அறைக்குள் கயிறு கட்டி உலர்த்திவிட்டு, சுவரெல்லாம் கறுத்துவிட்டது என்று வருந்துகிறார்கள். துணியிலிருந்து போகும் தண்ணீர் சுவருக்குத்தான் போகிறது. ஷீட் போட்ட மட்டுப்பாவிலோ (மொட்டை மாடியிலோ) தாழ்வாரத்திலோ காயப் போடட்டும். முழுக்கக் காயாததை அலமாரிக்குள் வைக்க வேண்டாம். அலமாரியையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

கால் விரல் இடுக்கில் தோல் வெளுத்து அரிப்பதும் இதே ஈரத்தின் வேலைதான். மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் கலவைக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், பிறகு படை உடம்பெல்லாம் பரவும். பூஞ்சைக்கு மட்டுமான களிம்பைக் கேட்டு வாங்குங்கள். மூடிய ஷூவைக் கழற்றிவிட்டு நம்மைப் போல ரப்பர் செருப்புக்கு மாறுங்கள்.

அறிகுறி: மழை பிடித்ததும் கறண்டு போகிறது

முதலில் தெருவைப் பாருங்கள். தெரு முழுவதும் இருட்டாக இருந்தால் வீட்டுக்குள் தேட ஒன்றுமில்லை. மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்து உங்கள் வீட்டில் பாதி அறைகள் மட்டும் அணைந்திருந்தால், ஒரு பேஸ் போயிருக்கிறது. விளக்குகள் மங்கியும் திடீரென்று மிகைப்பட்டும் எரிந்தால் அது நியூட்ரல் தளர்ந்ததற்கான அடையாளம். அப்போது யோசிக்காமல் மெயினை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கி வரிசையாகப் பொருள்கள் போகும்.

உங்கள் வீட்டில் மட்டும், அதுவும் மழை பெய்யும்போது மட்டும், கசிவுக் காப்பு சுவிட்ச் விழுகிறது என்றால் அதுதான் சரியாகத் தேடிப் பிடிக்க வேண்டிய குறை. எலக்ட்ரீஷியன்கள் இதை ஆர்.சி.சி.பி. என்பார்கள். வீடுகளில் பொதுவாக 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும்படி அமைக்கப்பட்டிருக்கும் அது, மனித உயிரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. “அடிக்கடி விழுகிறது, அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துவிடலாம்” என்று யாராவது ஆலோசனை சொன்னால் அவரைத் திரும்ப அழைக்காதீர்கள். உலர்ந்த செருப்போடு நின்று, மின்பெட்டியிலுள்ள எல்லாச் சிறு சுவிட்சுகளையும் (எம்.சி.பி.) கீழே இறக்கி, காப்பு சுவிட்சை மட்டும் மேலே ஏற்றுங்கள். அது நின்றால், சிறு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. எல்லாம் இறக்கிய நிலையிலும் நிற்கவில்லை என்றால் ஒரு நுணுக்கம் உண்டு: சிறு சுவிட்ச் பேஸை மட்டும் துண்டிப்பதால், நியூட்ரல் வழியான கசிவு அப்படியே இருக்கும். அதனால் வீட்டிலுள்ள பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு மறுபடியும் முயல வேண்டும். எங்கள் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் கேட்டின் மேல் இருக்கும் விளக்கு, அல்லது கிணற்று மோட்டார், அல்லது மட்டுப்பாவில் திறந்து கிடக்கும் ஒரு பிளக் பாயின்ட். ஒரு முறை விளக்கின் கண்ணாடிக் கூண்டுக்குள் அரைத் தம்ளர் தண்ணீரும் அதில் மிதந்த எறும்புகளும் இருந்தன. கண்டுபிடித்ததும் அந்த வழியை அணைத்து வையுங்கள். கழற்றும் வேலை எலக்ட்ரீஷியனுடையது.

வெளிநாட்டினருக்கே உரிய ஒரு குறையும் இதில் அடங்கும். நம் மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. மடிக்கணினிச் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மாற்றிக்கொண்டாலே போதும். தலைமுடி உலர்த்தி, முடி நேராக்கி போன்றவற்றில் பெரும்பாலும் அப்படி இருக்காது. மாட்டிய நொடியிலேயே கருகிய வாசனை வரும். துலா மழையில் இடி தொடங்கியதும் இணைய ரவுட்டரையும் சார்ஜர்களையும் உருவிவிடச் சொல்லுங்கள்.

நீண்ட மின்தடைக்குத் தனியாகத் தயாராக வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது ரப்பரும் வாழையும் சாய்ந்து மின்கம்பங்களைத் தள்ளியதில், உட்கிராமங்களில் நாள்கணக்கில் விளக்கில்லை. மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடும்; சிக்னல் போனால் கைபேசிவழிப் பணமும் போயிற்று. ஒரு வாரச் செலவுக்குச் சில்லறை நோட்டுகளாக ரொக்கம் இருக்கட்டும். மோட்டார் ஓடாது என்பதால் மேல்தொட்டியை மாலைதோறும் நிரப்பி வையுங்கள். அறுந்து விழுந்த கம்பி கண்ணில் பட்டால் அதன் அருகே தேங்கிய தண்ணீரில்கூடக் கால் வைக்கக் கூடாது.

அறிகுறி: கிணற்றுத் தண்ணீர் கலங்கி, செம்மண் நிறத்தில் வருகிறது

நிறம் மட்டும் மாறியிருந்தால் அச்சம் வேண்டாம். இரண்டு நாள் மழை விட்டால் தெளியும். வாடை அடித்தாலோ, கைப்பிடிச் சுவருக்கு மேலாக வெளித்தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தாலோ, கழிவுத்தொட்டி நிரம்பியிருந்தாலோ கிணற்றுக்கு மருந்திட வேண்டும். கணக்கு எளிது. ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். வட்டக் கிணற்றின் குறுக்களவு இரண்டு மீட்டர், தண்ணீரின் ஆழம் நான்கு மீட்டர் என்றால் உள்ளே ஏறத்தாழ 12,500 லிட்டர் இருக்கும். அதற்குச் சுமார் 31 கிராம் வேண்டும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து இறைக்கலாம். தண்ணீர் மிகவும் கலங்கியிருக்கும்போது மருந்து சேற்றோடு போய்விடும். சற்றுத் தெளிந்த பிறகு இடுவதே சரி. மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடரே ஈரம் பிடித்து வீரியம் இழக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கட்டி கட்டியாகி, திறந்தால் மூக்கில் ஏறாத பவுடரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

குடிக்கும் தண்ணீரை எப்படியிருந்தாலும் கொதிக்க வைக்க வேண்டும். குமிழ் விட்டுக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் விடுவது போதும். வயிறு போகத் தொடங்கினால் மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அது கைவசம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு சிறுகரண்டி சீனியும் அரைச் சிறுகரண்டி உப்பும். அந்த நாட்களில் புளிமுளம் என்ற மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வேண்டாம், கஞ்சி போதும். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அறிகுறி: மழை விட்டுச் சில நாள் கழித்துக் காய்ச்சல் வருகிறது

“நனைந்தேன், அதனால் காய்ச்சல்” என்று அவர்களும் சொல்வார்கள், நாமும் சொல்வோம். நனைந்ததால் வரும் ஜலதோஷம் தும்மலும் மூக்கொழுகலுமாக இரண்டு நாளில் தீரும். தும்மல் இல்லாமல் நேராகக் கடுங்காய்ச்சல் வந்தால் வேறு மூன்றை நினைக்க வேண்டும்.

கெண்டைக்கால் சதையைத் தொட்டால் உயிர் போகிற வலியும் கண் சிவப்பும் சேர்ந்திருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில், காலில் கீறலோடு நடந்தாலே இது வரும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் வெளிப்படும், சிலருக்கு முப்பது நாள் வரைகூட ஆகும். இந்த இடைவெளியால்தான் வெளிநாட்டினர் ஏமாறுகிறார்கள். வயலோரத்துச் சேற்றில் நடந்தவர் ஊருக்குத் திரும்பிய பிறகு அங்கே காய்ச்சலில் விழுவார். எலிக்காய்ச்சலை அன்றாடம் பார்க்காத அந்த ஊர் மருத்துவருக்கு உடனே பொறி தட்டாமல் போகலாம். “தென்னிந்தியாவில் வெள்ளத்தில் நடந்தேன்” என்று நோயாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வழியனுப்பும்போது இதை நான் தவறாமல் சொல்லி அனுப்புகிறேன்.

கண்ணுக்குப் பின்னால் வலியும் மூட்டு வலியும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்தான நாள். காய்ச்சல் இறங்கியபின் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். வெளிநாட்டினர் பெட்டியில் கொண்டுவரும் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக் கசிவை மிகைப்படுத்தக்கூடும் என்பதால் தொடவே கூடாது. பப்பாளி இலைச்சாறு குடிப்பதை நான் தடுப்பதில்லை, ஆனால் அதைக் குடித்துவிட்டு வீட்டிலேயே படுத்திருக்க விடுவதில்லை. டெங்குக் கொசு பகலில் கடிக்கும். இரவில் மட்டும் வலை கட்டுவதால் பயனில்லை. நம் பக்கத்தில் அது வளர்வதற்கு ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கும் சிரட்டைகள் (கொட்டாங்குச்சிகள்) பெரிய காரணம். அடைமழையில் பால்வெட்டு நின்றுபோகும்போது மரத்தில் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் நிற்கும். அவற்றைக் கவிழ்த்து வைக்கும்படி தோட்டக்காரரிடம் சொல்லுங்கள், அவருக்கும் அது தெரிந்ததுதான், ஒருவர் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

உடம்பில் எங்காவது, குறிப்பாக அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ, வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று தெரிந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். கூச்சத்தால் காட்ட மாட்டார்கள். மருத்துவரிடமாவது காட்டச் சொல்லுங்கள்.

எதுவானாலும் மூன்றாம் நாளைத் தாண்டவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ஆம்புலன்சுக்கு 108. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு ரத்தம் நெகட்டிவ் வகை, நம்மிடையே அது அரிது. ஆகவே குடிவரும் அன்றே ரத்த வகையைக் கேட்டு எழுதிவைப்பது நல்லது.

அறிகுறி: காலில் ரத்தம் வழிகிறது, வலி இல்லை

அட்டை. கீரிப்பாறை, மாறாமலைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இது வாடிக்கை. பிய்த்து இழுக்காமல், நகத்தை அதன் வாயருகே கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் சற்று நேரம் நிற்காமல் வரும், அது இயல்பு.

கடித்தது பாம்பு என்றால் கதை வேறு. கட்டவோ கீறவோ கூடாது. காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். நம் மலையடிவாரத் தோட்டங்களில் திரியும் குழிவிரியன் வகை ஒன்றின் நஞ்சுக்கு, வழக்கமான பாம்புக்கடி மருந்து வேலை செய்வதில்லை. பாம்பைத் தேடிப் பிடிக்கப் போக வேண்டாம். தொலைவிலிருந்து படம் எடுக்க முடிந்தால் மருத்துவருக்கு உதவும்.

அறிகுறி: வானம் தெளிந்திருக்கிறது, கடலில் இறங்க விடவில்லை

காவலர் கெடுபிடி செய்கிறார் என்று வெளிநாட்டினர் நினைக்கிறார்கள். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசிய காற்று எழுப்பிய அலை, நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் கரையேறும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். திருடன் போல வருவதால் அந்தப் பெயர். பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை கொண்டுபோனதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. வானிலை எச்சரிக்கையிலிருந்து இது வேறுபட்டது, இரண்டையும் பார்க்க வேண்டும். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகும் இப்படித்தான் நிற்கும். கடல் சீற்றத்தால் மட்டுமன்றி நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்துவார்கள்.

ஜூலையில் மீன் விலை ஏறியிருப்பதைக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15-இல் தொடங்கிய தடை ஜூன் 14-இல் முடிந்துவிடும். ஆகவே அந்த மாதங்களில் மீனுக்குக் கிழக்கே போவது பயன் தரும். மேற்கே நாட்டு வள்ளம் கொண்டுவரும் சாளையோடு நிறைவடைய வேண்டியதுதான்.

அறிகுறி: விருந்தினர் வந்துவிட்டார், இணையம் இல்லை, படிவம் பதிய முடியவில்லை

வீடு கொடுத்தவர்களுக்கான குறை இது. வெளிநாட்டவர் ஒருவர் நம் வீட்டில் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் பதிய வேண்டும். நெடுங்காலமாக இதைச் சி படிவம் என்று அழைத்துவருகிறோம். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னும் இந்தக் கடமை நீடிக்கிறது. உறவினர்தானே, நண்பர்தானே என்று விடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் அவர் வருவதாக இருந்தால், கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் படங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, வந்த மணி நேரத்திலேயே பதிந்துவிடுங்கள். முடியாமல் போனால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்து நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டு, இணைப்பு வந்தவுடன் பதியலாம். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர், வந்த பதினான்கு நாட்களுக்குள் தம்மையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். விசாவிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். நம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளரே இதற்குப் பதிவு அலுவலர்.

அறிகுறி: நாளை விசா முடிகிறது, இன்று ரயில் இல்லை

2021 நவம்பர் 13 அன்று நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. அப்படி ஒரு நாளில் விமானம் பிடிக்க வேண்டியவர் முதலில் சாலையை நம்ப வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் எழுபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது, ஆனால் குழித்துறையில் ஆறு பெருகினால் அந்தப் பாதையிலும் நெரிசலாகும். அதனால் வழக்கமான இரண்டு மணி நேரத்தை ஐந்தாக எண்ணிப் புறப்பட வேண்டும். முடியவே முடியாது என்று தெரிந்தால், விசா முடிவதற்கு முன்பே இணையவழியில் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ரத்தான ரயிலின் குறுஞ்செய்தி, விமான நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றை அதோடு இணைக்கலாம். முடிந்த பிறகு விண்ணப்பித்தால் அது காலங்கடந்து தங்கியதாகக் கணக்காகி அபராதத்துக்கு உள்ளாகும். அடுத்த முறை விசா கேட்கும்போதும் அந்தக் கேள்வி எழும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊர் திரும்புபவர் யாராக இருந்தாலும், விசாவின் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே பயணச்சீட்டு எடுக்கச் சொல்கிறோம். புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில் கடவுச்சீட்டைச் சிலிக்கா டப்பாவிலிருந்து எடுத்து, கீழே கூடத்து மேசையில், மின்விசிறிக்கு நேர் கீழே வைத்துவிடுகிறோம்.